கோழி காலில் எழும்பாவிட்டால்: முதலில் காரணம், பிறகு மருந்து



இந்த இதழின் வீட்டுத்தோட்டப் பாடம் கோழி பற்றியது. பின்வளவில் இரண்டு மூன்று பேடு வளர்ப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தத் தலையிடி வரும். "நேற்று நல்லா ஓடித் திரிஞ்ச கோழி, இண்டைக்கு விடிய கூட்டைத் திறந்தா படுத்தபடி கிடக்குது. எழும்புதில்லை." சாப்பிட ஆசையிருக்கும், கண் தெளிவாக இருக்கும், ஆனால் கால் வராது. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்த கோழியென்றால் வீட்டில் அழுகையும் சேர்ந்துவிடும்.

அந்த நேரத்தில் ஆலோசனைக்குக் குறைவிருக்காது. ஒருவர் சின்ன வெங்காயமும் மிளகும் அரைச்சுத் தீத்தச் சொல்லுவார். இன்னொருவர் வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற அன்ரிபயோட்டிக் குளிசையில் பாதியைக் கொடுக்கச் சொல்லுவார். மூன்றாமவர், "கோழிதானே, இதுக்கேன் இவ்வளவு யோசினை? கறியாக்குங்கோ" என்பார். மூன்றும் ஒரே தவறிலிருந்து வருகின்றன. கோழிக்கு என்ன நடந்தது என்று பார்க்காமலே முடிவு எடுக்கப்படுகிறது.

கால் விழுவது ஒரு நோயின் பெயர் அல்ல. அது ஒரு அறிகுறி. எங்களுக்குக் காய்ச்சல் வருவதைப் போல, பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். சில காரணங்கள் நல்ல தீனோடு ஒரு கிழமையில் மாறிவிடும். சில மாறவே மாறாது. ஒன்றிரண்டு, உடனே அரசுக்கு அறிவிக்க வேண்டியவை. ஆகவே காரணத்தைத் தேடும் முறையை முதலில் பார்ப்போம், அதன் பிறகு பராமரிப்பைப் பார்ப்போம். இங்கே சொல்லும் சட்டங்கள் பிரித்தானியாவுக்கு உரியவை. வேறு நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டு அறிய வேண்டும்.

1. எதற்கும் முன்னர் பார்க்க வேண்டியது

படுத்த கோழியைத் தூக்கமுன், மற்றக் கோழிகளைப் பாருங்கள். பின்வருவனவற்றில் ஏதாவது உண்டா?

- ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் திடீரென்று சோர்ந்தோ இறந்தோ போதல்
- தலை, முகம் வீங்குதல், கொண்டை நீலமாகுதல்
- மூச்சு இழுத்தல், வாய் திறந்து மூச்சு விடுதல்
- பச்சை நிறத்தில் தண்ணீராகக் கழிதல்
- கழுத்து முறுகுதல், தலை நடுங்குதல், செட்டை தொங்குதல்
- முட்டை சடுதியாகக் குறைதல்

இவை பறவைக் காய்ச்சலாகவோ நியூகாசில் நோயாகவோ இருக்கலாம். நியூகாசில் நோய் எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் ஒரு கிழமைக்குள் வளவுக் கோழி முழுவதையும் வாரிக்கொண்டு போகும் "கோழிச் சீக்கு" பெரும்பாலும் அதுதான். இந்தியாவில் அதை ராணிக்கெட் நோய் என்பார்கள். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பக்கம் கண்டறியப்பட்டதால் இங்கே அந்தப் பெயர்.

இந்த இரண்டு நோயையும் சந்தேகப்பட்டாலே அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஏ.பி.எச்.ஏ. எனப்படும் விலங்கு, தாவர சுகாதார முகவர் நிலையத்துக்கு உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். இலக்கம் அரசின் இணையத்தளத்தில் உண்டு. கோழியைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போகவும் கூடாது, அயலவருக்குக் கொடுக்கவும் கூடாது. உள்ளதை உள்ள இடத்தில் வைத்துவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தொலைபேசியை எடுங்கள்.

மேலே சொன்னவை ஒன்றும் இல்லை, ஒரே ஒரு கோழிதான் படுத்திருக்கிறது, மற்றவை வழமைபோலத் திரிகின்றன என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

2. ஐந்து கேள்விகள்

ஒரு கொப்பியில் விடையை எழுதி வையுங்கள். மிருக வைத்தியரிடம் பேசும்போதும் இதே கேள்விகள்தான் வரும்.

1. கோழிக்கு எத்தனை கிழமை அல்லது எத்தனை வயது?
2. ஒரு காலா, இரண்டு காலுமா? கால் இறுகியிருக்கிறதா, துணி போலத் தொய்ந்திருக்கிறதா?
3. ஒரே இரவில் வந்ததா, நாலைந்து நாளாக நொண்டி நொண்டி வந்ததா?
4. முட்டை இடுகிறதா? கடைசியாக எப்போது இட்டது? ஓடு மெல்லிசாக இருந்ததா?
5. கடந்த ஒரு மாதமாக என்ன தின்கிறது?

பிறகு கோழியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துத் தடவிப் பாருங்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முறிவு, வீக்கம், சூடு உண்டா? பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கு உண்டா? கால் செதில்கள் கிளம்பி நிற்கின்றனவா? வயிறு உப்பியிருக்கிறதா? நெஞ்செலும்பு கத்தி போலத் தெரிகிறதா? விரலைக் கிள்ளினால் காலை இழுக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். இழுத்தால் நரம்பு முழுதாகச் செத்துவிடவில்லை என்று பொருள்.

3. வயதை வைத்துக் காரணத்தைத் தேடுதல்

*அ) முதல் சில கிழமைக் குஞ்சுகள்*

பொரித்த குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் அகன்று, தவளை போலக் கிடந்தால் அது பெரும்பாலும் வழுக்கும் தரையால் வருவது. பத்திரிகைத் தாளில் குஞ்சை விடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். தரையில் பழைய துவாய் விரித்து, இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டர் துண்டால் தளர்வாக இணைத்து விட்டால், முதல் நாட்களிலேயே செய்தால், அனேகமாக நேராகிவிடும். இரண்டு கிழமை கழித்துச் செய்தால் பலன் குறைவு.

விரல்கள் உள்ளே சுருண்டு, குஞ்சு முழங்கால் போன்ற மூட்டில் குந்தி நடந்தால் அது பி2 விற்றமின் குறைபாடாக இருக்கலாம். பழைய, வெளிச்சத்தில் கிடந்த தீனில் இந்த விற்றமின் அழிந்துவிடும். அரிசிக் குறுணலை மட்டும் போட்டு வளர்த்தாலும் போதாது. புதிதாக வாங்கிய குஞ்சுத் தீனும், கோழிக்கென்று விற்கும் தண்ணீரில் கலக்கும் விற்றமினும் கொடுத்தால் தொடக்கத்தில் நன்றாகத் திரும்பும். நாள்பட்டால் நரம்பு கெட்டுவிடும், பிறகு திரும்பாது.

*ஆ) ஒன்றரை மாதம் முதல் ஏழு மாதம் வரை*

இந்த வயதில் முதலில் நினைக்க வேண்டியது மரெக் நோய். 1907இல் இதை முதலில் விவரித்த ஹங்கேரி நாட்டு மிருக வைத்தியர் யோசப் மரெக்கின் பெயரால் அழைக்கப்படுகிறது. இது ஒரு வைரஸ். காலுக்குப் போகும் நரம்பு தடித்துப் போகும். ஒரு கால் முன்னே, மற்றக் கால் பின்னே நீட்டியபடி கோழி கிடந்தால் இந்த நோயின் அடையாளம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். சிலவற்றில் செட்டை தொங்கும், கண்ணின் நிறம் சாம்பலாகும், உடம்பு மெலியும்.

வைரஸ் இறகுத் தூசியில் பரவும். கூட்டுத் தூசியில் மாதக்கணக்காக உயிரோடிருக்கும். ஆகவே ஒரு கோழியில் கண்டால் கூட இருந்தவை எல்லாம் ஏற்கெனவே தொட்டாயிற்று என்று எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நோய் வராது, ஆனால் புதுக் கோழி வாங்கிச் சேர்க்கக் கூடாது. மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு, அது பொரித்த அன்றே போடப்படுவது. பெரிய பொரிப்பகங்களில் வாங்கும் கலப்பினப் பேடுகளுக்குப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். வீட்டில் அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளுக்கு இராது. வாங்கும்போதே "மரெக் ஊசி போட்டதா?" என்று கேட்பது நல்லது. இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. பிள்ளைகள் தூக்கி விளையாடினார்களே என்று பயப்படத் தேவையில்லை.

*இ) முட்டையிடும் பேடு*

இங்கே இரண்டு காரணங்கள் முன்னிற்கும்.

முதலாவது கல்சியக் குறைவு. கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. தின்பதில் பாதியளவுதான் உடம்பில் சேரும், ஆகவே நாளொன்றுக்கு 4 கிராம் அளவு வேண்டும். முட்டைக்கோழித் தீன் 120 கிராம் தின்றால் அது கிடைத்துவிடும். ஆனால் சோறு, பாண், கோதுமை என்று வயிற்றை நிரப்பினால் கிடைக்காது. கிடைக்காதபோது பேடு தன் எலும்பைக் கரைத்து முட்டைக்கு ஓடு போடும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் முட்டை இட்ட கையோடு எழும்ப முடியாமல் கிடக்கும். அதற்கு முன் ஓடு மெல்லிசாகவோ தோல் முட்டையாகவோ வந்திருக்கும். உடனே முட்டைக்கோழித் தீனும், சிப்பி ஓட்டுத் தூள் தனிக் கிண்ணத்திலும் வையுங்கள். கடுமையாக இருந்தால் வைத்தியர் கல்சியம் ஊசி போடுவார். வேளைக்குப் பிடித்தால் சில நாட்களில் எழும்பி நிற்கும்.

இரண்டாவது, முட்டை அடைபடுதல். பேடு வாலை ஏற்றி இறக்கி முக்கும், பின்பக்கம் கனத்து நிமிர்ந்து நிற்கும், அல்லது குந்தியே இருக்கும். உள்ளே நிற்கும் முட்டை நரம்பை அமத்துவதால் கால் இயங்காது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் வயிறு நனைய 15 - 20 நிமிடம் வைத்திருந்து, நன்றாகத் துவட்டி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தவோ உள்ளே முட்டையை உடைக்கவோ கூடாது. ஓடு குத்தினால் பேடு சாகும். அன்றைக்குள் முட்டை வராவிட்டால் வைத்தியர்தான்.

*ஈ) எந்த வயதிலும்*

- அடி, சுளுக்கு, முறிவு. உயரமான கம்பிலிருந்து குதித்தாலும், நரி துரத்தினாலும் வரும். பெரும்பாலும் ஒரு கால். ஓய்வே மருந்து. முறிந்தால் வைத்தியர்.
- பாதப் புண். அடிப்பாதம் வீங்கி நடுவில் கறுப்புப் பொருக்கு. கூரான கம்பு, கல், ஈரத் தரை காரணம். கையுறை போட்டு இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கழுவி, துணி சுற்றி, தரையை மாற்றுங்கள். ஆழமான புண்ணை வீட்டில் வெட்டக் கூடாது.
- கால் செதில் பூச்சி. செதில் கிளம்பி, கால் தடித்து, கோழி நொண்டும். ஊரில் மண்ணெண்ணெய் பூசுவார்கள். அது தோலை எரிக்கும். வாஸ்லீன் தடவலாம், வைத்தியரிடம் பூச்சி மருந்து கேட்கலாம்.
- சிவப்புப் பேன். பகலில் கூட்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கொண்டை வெளிறி, இரத்தக் குறைவால் சோர்ந்து கோழி விழும். வாதம் போலத் தெரியும், ஆனால் வாதம் அல்ல. இரவில் டோர்ச் அடித்துக் கம்பின் அடியைப் பாருங்கள்.
- அழுகல் நஞ்சு. செத்த எலி, புழு, அழுகிய உக்கல் குவியல் இவற்றில் உருவாகும் நஞ்சைத் தின்றால் காலில் தொடங்கி, செட்டை, கழுத்து, கண்மடல் வரை துணி போலத் தொய்ந்துவிடும். சில மணித்தியாலங்களில் நடக்கும். உடனே வைத்தியருக்குச் சொல்லி, வளவைத் தேடி அழுகலை அகற்றுங்கள்.
- ஈயம். பழைய வீடுகளின் உரிந்த வர்ணம், நகரத்துப் பழைய மண் இவற்றில் ஈயம் இருக்கும். கோழி கொத்தித் தின்னும். மெலிவு, பச்சைக் கழிச்சல், கால் பலவீனம் வரும். இதில் இன்னுமொரு ஆபத்து உண்டு. ஈயம் முட்டைக்குள்ளும் போகும், முட்டை பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும். பழைய வீட்டில் வளர்ப்பவர்கள் இந்தச் சந்தேகம் வந்தால் முட்டையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் இரத்தச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

4. படுத்த கோழியைப் பார்த்துக்கொள்வது எப்படி?

காரணம் எதுவானாலும், எழும்ப முடியாத கோழி முதலில் சாவது நோயால் அல்ல. தண்ணீர்க் கிண்ணம் ஒரு முழம் தள்ளி இருப்பதால் சாகும். மற்றக் கோழிகள் கொத்துவதால் சாகும். தன் எச்சத்திலேயே கிடந்து புண்ணாகி, இலையான் முட்டையிட்டுப் புழு வைத்துச் சாகும். ஆகவே முதல் இரண்டு நாளும் பராமரிப்புத்தான் மருந்து.

இடம்: காட்போட் பெட்டி அல்லது நாய்க்கூடு ஒன்றைக் காற்றோட்டமான, குளிர் காற்று நேரே அடிக்காத இடத்தில் வையுங்கள். கராஜ் அல்லது தோட்டக் கொட்டில் நல்லது. அடியில் துவாய், மேலே வைக்கோல். துவாயை வளையமாகச் சுருட்டி நடுவில் கோழியை இருத்தினால் பக்கமாகச் சரியாது. பக்கமாகச் சரிந்து கிடந்தால் மூச்சுக்கும் தீன் இறங்குவதற்கும் கஷ்டம்.

தண்ணீர்: விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிண்ணத்தைச் சொண்டுக்குக் கிட்டப் பிடியுங்கள். குடிக்காவிட்டால் சொண்டின் பக்கத்தில் துளி துளியாக விடுங்கள், அது தானாக விழுங்கும். வாயைத் திறந்து ஊற்றாதேங்கோ. கோழியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னால் திறந்தபடி இருக்கும். ஊற்றினால் தண்ணீர் நேரே சுவாசப்பைக்குப் போகும்.

தீன்: வழமையான தீனை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழைப்பதைக் குசினிக்கு வெளியே, தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள். இரவில் கழுத்தடியில் உள்ள தீன்பையைத் தடவிப் பாருங்கள், நிறைந்திருக்க வேண்டும். விடியப் பாருங்கள், வெறுமையாக இருக்க வேண்டும். விடியவும் கல்லுப் போல நிறைந்திருந்தால் தீன் இறங்கவில்லை.

சுத்தம்: விரிப்பை நாளுக்கு இரண்டு தடவை மாற்றுங்கள். பின்வாசல் இறகை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். கோடை காலத்தில் காலை மாலை இரண்டு நேரமும் புழு உண்டா என்று பார்க்க வேண்டும்.

திருப்புதல், பயிற்சி: மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இருக்கும் நிலையை மாற்றுங்கள். நெஞ்செலும்பில் புண் வராது. முறிவு இல்லையென்று தெரிந்தால் நாளுக்கு இரண்டு மூன்று முறை காலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் உடம்பைத் தாங்கிப் பிடித்துக் கால் தரையில் படவிட்டாலும் நல்லது. நாலைந்து நாளாகியும் எழும்பாவிட்டால், துணியில் காலுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, தொட்டில் போலக் கட்டி, கால் நுனி நிலத்தைத் தொடும்படி சில நிமிடம் தொங்கவிடலாம். கோழி திமிறினால் நிறுத்திவிடுங்கள்.

துணை: தொற்று நோய் இல்லையென்றால் மற்றக் கோழிகள் கண்ணில் படும் தூரத்தில் கம்பி வலைக்கு இப்பால் வையுங்கள். முழுதாகப் பிரித்து இரண்டு கிழமை கழித்துத் திரும்ப விட்டால், கூட்டம் அதை அந்நியமாக எண்ணிக் கொத்தும்.

கணக்கு: நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். நிறை இறங்கிக்கொண்டே போனால் "தின்னுது" என்று நாங்கள் நினைப்பது பிழை.

தொட்ட பிறகு கை கழுவ வேண்டும். கோழியில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் நோய்க்கோழியைத் தூக்க விடாதேங்கோ.

5. செய்யக்கூடாதவை

1. மனிதருக்கு எழுதித் தந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. எங்கட ஆட்களின் வீடுகளில் வயிற்றோட்டத்துக்கென்று பிளஜில் குளிசை கிடக்கும். அதிலுள்ள மெற்றோனிடசோல், உணவு தரும் பிராணிகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. சட்டத்தின் பார்வையில் பெயர் வைத்து வளர்க்கும் செல்லக் கோழியும் உணவு தரும் பிராணிதான்.
2. வைத்தியர் தந்த மருந்தென்றாலும், எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்காமல் வரவேண்டாம்.
3. மிஞ்சின சோறு, கறி, பாண் போடக் கூடாது. வீட்டுக் குசினிக்குள் போன எந்த உணவையும் கோழிக்குப் போடுவது பிரித்தானியாவில் சட்டப்படி குற்றம். மரக்கறி வீடென்றாலும் பாலும் நெய்யும் புழங்கும் குசினியென்றால் விலக்கு இல்லை. பால், முட்டை உட்பட விலங்குப் பொருள் ஒன்றுமே நுழையாத வீட்டுக்கு மட்டுமே விலக்கு. தோட்டத்தில் பிடுங்கிய கீரையை நேரே கூட்டுக்குள் போடலாம். 'ஊரில சோறு தின்டுதானே வளர்ந்தது' என்று கேட்கலாம். ஊரில் கோழி நாள் முழுக்கக் கறையானும் புழுவும் கிண்டித் தின்றது. இங்கே சிறு வளவில் அது கிடைக்காது.
4. நோய்க்கோழியைக் கறியாக்கக் கூடாது.

6. மிருக வைத்தியரிடம் பேசுதல்

எல்லா மிருக வைத்திய நிலையங்களும் கோழி பார்ப்பதில்லை. ஆகவே முதலில் தொலைபேசி. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். கோழி பார்க்காத நிலையமும், அவசர வேளையில் முதலுதவிக்கும் நோவைக் குறைப்பதற்கும் ஒழுங்கு செய்ய வேண்டும் என்பது இங்குள்ள மிருக வைத்தியர்களின் தொழில் ஒழுக்கவிதி. ஆங்கிலம் தடுமாறுபவர்கள் இந்த வசனங்களைப் பார்த்து வாசிக்கலாம்:

- "மை ஹென் கனொட் ஸ்டாண்ட்." என் கோழியால் நிற்க முடியவில்லை.
- "டூ யூ சீ சிக்கின்ஸ்?" நீங்கள் கோழி பார்ப்பீர்களா?
- "ஹவ் மச் இஸ் த கொன்சல்டேஷன்?" பார்க்க எவ்வளவு கட்டணம்?
- "ஒன்லி வன் பேர்ட் இஸ் சிக். த அதேர்ஸ் ஆர் வெல்." ஒன்றுக்குத்தான் வருத்தம், மற்றவை சுகம்.
- "ப்ளீஸ் டெல் மீ த கொஸ்ட் பிஃபோர் யூ ஸ்டார்ட்." தொடங்கமுன் செலவைச் சொல்லுங்கள்.

செலவைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "எனக்கு இவ்வளவுதான் முடியும், இதற்குள் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் வைத்தியர் அதற்கேற்ற வழியைச் சொல்லுவார். சில வேளைகளில் நோவுக்கு மருந்தும் வீட்டுப் பராமரிப்பும் போதும் என்பார். வீடியோ ஒன்று எடுத்து வைத்திருந்தால், கோழி எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லத் தெரியாத ஆங்கிலத்தில் விளக்கத் தேவையில்லை.

7. எத்தனை நாள் பார்ப்பது?

இதுதான் கடினமான கேள்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்பவருக்கு அந்தப் பிராணியை வேதனையிலிருந்து காக்கும் கடமை உண்டு. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இதே கருத்துள்ள சட்டங்கள் உண்டு. ஒன்றும் செய்யாமல் மூலையில் போட்டுவிடுவது சரியல்ல.

ஒவ்வொரு நாளும் மாலையில் நாலு விடயத்தைப் பாருங்கள். தானாகத் தின்கிறதா? கண் தெளிவா? நேற்றைவிடக் கால் கொஞ்சமாவது அசைகிறதா? புண் இல்லாமல் இருக்கிறதா? நாலுக்கும் ஆம் என்றால் பொறுமையாகத் தொடருங்கள். சுளுக்கு, கல்சியக் குறைவு போன்றவை ஒரு கிழமைக்குள் முன்னேற்றம் காட்டும். தின்பதை நிறுத்திவிட்டது, மெலிகிறது, நோவில் கிடக்கிறது, ஒரு கிழமையாகியும் அசைவில்லை என்றால், வைத்தியரிடம் கொண்டுபோய் நிம்மதியாகக் கண்மூட விடுவதே அந்தக் கோழிக்குச் செய்யும் உபகாரம். பழக்கமில்லாத கை வீட்டில் முயற்சித்தால் வேதனைதான் கூடும்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "தோட்டத்துக்குப் போயிட்டுது" என்பதைவிட, "அதுக்குக் கால் சுகப்படேல்லை, நோகாமல் இருக்க டொக்டர் உதவி செய்தவர்" என்பது நல்லது. இழப்புகளோடு வந்த குடும்பங்களில் வளரும் பிள்ளைகள், பெரியவர்கள் சொல்லாமல் விட்டதையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இறந்த கோழியை வளவில் புதைப்பதற்கும் குப்பைத் தொட்டியில் போடுவதற்கும் அனுமதி இல்லை. வைத்தியரிடமோ உள்ளூராட்சிச் சபையிடமோ கேட்டு ஒப்படைக்க வேண்டும். முடிந்தால் உடல் சோதனை பற்றியும் கேளுங்கள். ஒன்று ஏன் செத்தது என்று தெரிந்தால் மற்றவை தப்பும்.

8. பதிவு பற்றி ஒரு சொல்

ஒரேயொரு கோழி வளர்த்தாலும் பதிவு செய்ய வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2024 செப்டெம்பர் 1 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதலும் இது கட்டாயம். வட அயர்லாந்தில் தனி ஒழுங்கு உண்டு. பதிவு செய்யக் கட்டணம் இல்லை. படிவம் என்றாலே நெஞ்சு பதறுகிறவர்கள் எங்களில் பலர். இந்தப் பதிவு பறவை நோய் பரவும்போது வளர்ப்பவர்களுக்கு அறிவிப்பதற்காக ஏற்பட்டது. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்திருந்து நிரப்புங்கள். பதிவு செய்யாமல் ஒளித்து வளர்த்தால், பக்கத்துத் தெருவில் பறவைக் காய்ச்சல் வந்த செய்தி உங்கள் கதவுக்கு மட்டும் வராது.

சுருக்கம்: வெட்டி எடுத்துக் கூட்டுக் கதவில் ஒட்டுங்கள்

1. மற்றக் கோழிகளைப் பார். சந்தேகமென்றால் அறிவி, எடுத்துச் செல்லாதே.
2. ஐந்து கேள்விகளுக்கு விடை எழுது.
3. தனியே, உலர்ந்த மெத்தையில், நிமிர்த்தி இருத்து.
4. தண்ணீரைக் கிட்டக் கொண்டு போ. வாய்க்குள் ஊற்றாதே.
5. சரியான தீன், சிப்பி ஓடு. குசினிச் சாப்பாடு வேண்டாம்.
6. மனித மருந்து வேண்டாம். மருந்து கொடுத்த கோழியின் முட்டை, வைத்தியர் சொல்லும் வரை வேண்டாம்.
7. நாளும் நிறு, நாளும் பார். ஒரு கிழமையில் முடிவெடு.

படுத்த கோழிகள் எல்லாம் எழும்பும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மரெக் பிடித்தது எழும்பாமல் போகலாம், கல்சியம் குறைந்தது வியாழக்கிழமை படுத்து ஞாயிற்றுக்கிழமை எழும்பி நடக்கலாம். இரண்டும் முதல் நாள் ஒரே மாதிரித்தான் கிடக்கும். அதனால்தான் கத்தியையும் குளிசையையும் எடுக்கமுன் கொப்பியை எடுங்கள் என்கிறோம்.